யார் போட்ட ஓட்டு?

கேள்வி: 1946 தேர்தலில் முஸ்லிம் லீகுக்கு ஓட்டுப் போட்டுத்தானே பாகிஸ்தானைக் கேட்டு வாங்கினார்கள்? மக்களே விரும்பிப் பிரிந்த பிறகு கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனையும் எல்லைக்கோடு போட்ட ராட்கிளிஃபையும் இன்னும் எதற்குத் திட்டிக்கொண்டிருக்கிறோம்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: லீக் ஜெயித்தது உண்மை. மத்திய சட்டசபையில் முஸ்லிம்களுக்கு ஒதுக்கிய 30 இடங்களையும் அள்ளியது. ஆனால் 'மக்களே' என்கிறீர்களே, எந்த மக்கள்? அன்றைக்கு எல்லோருக்கும் ஓட்டுக் கிடையாது. சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். மாகாணத் தேர்தலிலேயே நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேர்தான் வாக்காளர்கள். மத்திய சட்டசபைக்கு அதைவிடக் குறைவு. கூலிக்கு உழுதவரையும் அவர் வீட்டுப் பெண்களையும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சரி, ஓட்டு இருந்தவர்களாவது எதற்குப் போட்டார்கள்? கோடு எங்கே விழும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. லீக் தலைவர் ஜின்னா கேட்டது முழு பஞ்சாப், முழு வங்காளம். முஸ்லிம் பெரும்பான்மை மாவட்டங்களை மட்டும் வாக்கெடுப்பு நடத்திப் பிரிக்கலாம் என்று 1944-இல் ராஜாஜி ஒரு திட்டம் தந்தபோது, செல்லரித்த பாகிஸ்தான் வேண்டாம் என்று தள்ளியவர் அவர். (மூன்று வருடம் கழித்து அவர் கைக்கு வந்தது ஏறக்குறைய அதுதான்.) அமிர்தசரஸில் லீகுக்கு ஓட்டுப் போட்டவர், வீட்டைப் பூட்டிவிட்டு லாகூருக்கு ஓடவேண்டி வரும் என்று தெரிந்தா போட்டார்? நம் சென்னை மாகாணத்து முஸ்லிம் தொகுதிகளிலும் லீக்தான் ஜெயித்தது. அதற்காக இங்கே லீக் தலைவராக இருந்த காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் பாகிஸ்தானுக்கு மூட்டை கட்டினாரா?

மாகாண சட்டசபைகளைத் தாண்டி ஜனங்களையே வாக்கெடுப்பில் கேட்டது இரண்டு இடங்களில்தான். அஸ்ஸாமில் இருந்த சில்ஹட் மாவட்டம், பாகிஸ்தானுக்குப் போகும் கிழக்கு வங்காளத்தோடு சேருகிறேன் என்றது. அப்படியும் அதன் கரீம்கஞ்ச் பகுதி இந்தியாவுக்கு வந்தது. வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில், 'இந்தியாவா, பாகிஸ்தானா என்பதோடு தனிப் பக்தூனிஸ்தான் என்பதையும் வாக்குச்சீட்டில் சேருங்கள்' என்றார் கான் அப்துல் கஃபார் கான். மறுத்துவிட்டார்கள். அவருடைய ஆட்கள் புறக்கணித்தார்கள். வாக்காளர்களில் பாதிக்குச் சற்று மேல்தான் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

அப்புறம் ராட்கிளிஃப். லண்டன் வக்கீல். 1947 ஜூலை 8-ஆம் தேதி வந்து இறங்கும்வரை இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. பஞ்சாப், வங்காளம் இரண்டு எல்லைக் கமிஷன்களிலும் காங்கிரஸ் தரப்பில் இரண்டு, லீக் தரப்பில் இரண்டு நீதிபதிகள். அவர்கள் எதிலும் ஒத்துப்போகாததால் முடிவு இவர் தலையில் விழுந்தது. ஐந்தே வாரத்தில் முடித்துக் கொடுத்தார். கொடியேற்று விழா கெட்டுவிடக் கூடாதென்று மவுண்ட்பேட்டன் அதைப் பூட்டி வைத்து, ஆகஸ்ட் 17-ஆம் தேதிதான் வெளியே விட்டார். அதற்குள் முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் ஏறியிருந்தன. முடிவு வெளியானதும் இரண்டையும் இறக்கி, மாற்றி ஏற்றினார்கள். எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே தெரியாமல் சுதந்திரம் கொண்டாடிய அந்த ஊர்க்காரர்களை 'விரும்பிப் பிரிந்தவர்கள்' என்பது கொஞ்சம் அதிகம்.

திட்டுவதற்கு இன்னும் ஆள் வேண்டுமென்றால், அந்த மார்ச்சிலேயே பஞ்சாபைப் பிரிக்கச் சொல்லித் தீர்மானம் போட்ட காங்கிரஸ் காரியக் கமிட்டியையும், நாட்டைப் பிரிக்கும் ஜூன் 3 திட்டத்துக்குத் தலையாட்டிய லீக் தலைவர்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்ன இரண்டு பேரைப் பட்டியலிலிருந்து எடுக்க மட்டும் என்னால் ஆகாது.