கார்னகியின் நூலகமும் 5 சென்ட் கொட்டகையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க இரும்பாலை முதலாளி ஆண்ட்ரூ கார்னகி கட்டிய நூலகங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம். பிட்ஸ்பர்க் பக்கத்து இரும்பாலைத் தொழிலாளர்களுக்கு அந்த மனிதர் மாளிகை மாதிரி நூலகம் கட்டிக் கொடுத்தார். அவர்களோ பீர்க் கடையிலும் 5 சென்ட் சினிமாக் கொட்டகையிலும் போய் உட்கார்ந்தார்கள். ஆலை வந்து ஊர் பெருத்தால் ரசனை மட்டமாகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா? கோடையில் மகளைப் பார்க்க பிட்ஸ்பர்க் போகிறேன். பார்க்க வேண்டிய இடங்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தத் தொழிலாளி எந்த நேரத்தில் நூலகத்துக்குப் போயிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

பிட்ஸ்பர்க் பக்கத்தில் கார்னகிக்குச் சொந்தமான ஹோம்ஸ்டெட் ஆலையையே எடுத்துக்கொள்வோம். 1892 ஜூலையில் அங்கே நிர்வாகத்துக்கும் தொழிலாளர் சங்கத்துக்கும் பெரிய தகராறு. கார்னகி ஸ்காட்லாந்தில் இருந்தார். நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்ட ஹென்றி ஃபிரிக், பிங்கர்ட்டன் என்ற தனியார் கம்பெனியின் காவலாட்கள் சுமார் 300 பேரைப் படகில் ஏற்றி ஆற்று வழியாக இறக்கப் பார்த்தார். இரு தரப்பிலும் உயிர்கள் போயின. மாநிலப் படை வந்தது, சங்கம் ஒழிந்தது. பிறகு 12 மணி நேர ஷிப்டை எதிர்த்துப் பேச ஆளில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பகல் ஆட்களும் இரவு ஆட்களும் ஷிப்ட் மாறும்போது ஒரு குழு 24 மணி நேரம் ஒரே மூச்சில் வேலை பார்க்க வேண்டும். 12 மணி நேர முறை ஒழிய 1923 வரை ஆனது.

1898இல் நூலகம் திறந்ததும் அதே ஹோம்ஸ்டெட்டில்தான். புத்தகம் மட்டுமல்ல, நீச்சல்குளம், இசையரங்கம் எல்லாம் இருந்தன. குறை சொல்ல முடியாத கட்டடம். ஆனால் உலைச் சூட்டில் 12 மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர் எந்தக் கண்ணால் படிப்பார்?

கார்னகி இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். அவரே 13 வயதில் வாரம் 1 டாலர் 20 சென்ட் கூலிக்குப் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். அப்புறம் தந்தி அலுவலகத்தில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையன். கர்னல் ஆண்டர்சன் என்பவர் தம் சொந்தப் புத்தகங்களைச் சனிக்கிழமைகளில் உழைக்கும் பையன்களுக்குத் திறந்துவிட்டார், அதில் படித்துத்தான் முன்னுக்கு வந்தேன் என்று கார்னகி பெருமையாகச் சொல்லிக்கொள்வார். உண்மையான நன்றிதான், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கெட்டிக்காரப் பையனின் கதையை ஊர் முழுக்கச் சட்டமாக்க முடியாது.

ஆலை ஆட்களில் பெரும் பகுதி ஸ்லோவாக்கியர், ஹங்கேரியர், போலந்துக்காரர். இரண்டு அறை வீட்டில் குடும்பத்தோடு வாடகை ஆட்களும் இருப்பார்கள். பகல் ஷிப்ட்காரர் எழுந்து போன படுக்கையில் இரவு ஷிப்ட்காரர் வந்து படுப்பார். அத்தனை பேருக்கும் சமைத்துத் துவைப்பது வீட்டுக்காரப் பெண். 1906 ஜூலையிலிருந்து ஓராண்டில் பிட்ஸ்பர்க் இருக்கும் மாவட்டத்தில் வேலையில் இறந்தவர்கள் 526 பேர் என்று கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்ற வழக்கறிஞர் விசாரித்து எழுதினார்.

இந்த ஊருக்குத்தான் 5 சென்ட் கொட்டகை வந்தது. 1905 ஜூனில் பிட்ஸ்பர்க் ஸ்மித்ஃபீல்டு தெருவில் ஹாரி டேவிஸும் ஜான் ஹாரிஸும் ஒரு கடையைக் காலி செய்து 96 நாற்காலி போட்டார்கள். ஒரு காட்சி சில நிமிடம்தான். முடிந்ததும் அடுத்த காட்சி, காலையிலிருந்து நள்ளிரவு வரை. படத்துக்குப் பேச்சு கிடையாது, எனவே ஸ்லோவாக் மட்டும் தெரிந்தவருக்கும் நாற்காலி உண்டு. சில ஆண்டுகளில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் இப்படிக் கொட்டகைகள் முளைத்தன. பக்கத்து நியூ காசில் ஊரில் கொட்டகை வைத்தவர்கள் பின்னாளில் ஹாலிவுட்டில் வார்னர் பிரதர்ஸ் படக் கம்பெனி நடத்திய வார்னர் சகோதரர்கள், போலந்திலிருந்து வந்த ஒரு செருப்புத் தைப்பவரின் மகன்கள். நாற்காலிகளைச் சவ அடக்கக் கடையில் இரவல் வாங்கினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள்.

நீங்கள் பீர்க் கடையையும் கொட்டகையையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. பீர்க் கடை ஆண்களின் இடம். கொட்டகைக்குள் பெண்கள் கைக்குழந்தையோடு போய் உட்காரலாம். ஹோம்ஸ்டெட் குடும்பங்களின் வரவுசெலவை வீடு வீடாகக் கேட்டு 1910இல் புத்தகமாக்கிய மார்கரெட் பயிங்டன் இதைக் கவனித்திருக்கிறார். ஆலையிலிருந்து திரும்பும் ஆண்கள் சில நிமிடம் நுழைந்துவிட்டுப் போவார்கள், கடைக்கு வந்த பெண்கள் சற்று இளைப்பாறுவார்கள், பிள்ளைகள் 5 சென்ட் கேட்டு நச்சரிப்பார்கள். அந்தப் பெண்களுக்கு வீட்டு வேலையிலிருந்து தப்பிக்க இப்படி எத்தனை இடம் இருந்திருக்கும்?

பெரிய மனிதர்களுக்கு இது பிடிக்கவில்லை. அமெரிக்காவிலேயே முதல் மாநிலத் திரைப்படத் தணிக்கைக்குச் சட்டம் போட்டது பென்சில்வேனியாதான், 1911இல். ஞாயிற்றுக்கிழமைக் கேளிக்கைகளுக்கு எதிராக அங்கே 1794லிருந்தே ஒரு சட்டம் இருந்தது. அதனால் பிட்ஸ்பர்கில் ஞாயிறன்று தொழில்முறை பேஸ்பால் ஆட்டம் 1934 வரை நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உலை எரியலாம், பந்து மட்டும் ஆடக்கூடாது! யாருடைய ரசனை மட்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 5 சென்ட் உலகம் சுத்தமான மக்கள் கலை ஒன்றும் இல்லை, எல்லாம் வியாபாரம். நூலகம் திறந்த அதே 1898இல் டிராம் கம்பெனி தன் பாதை ஓரத்தில் கென்னிவுட் என்ற கேளிக்கைப் பூங்காவைத் தொடங்கியது. மாலையிலும் விடுமுறையிலும் காலியாக ஓடும் டிராமை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அந்த வியாபார இடத்தையே ஸ்லோவாக் மக்கள் தங்கள் திருவிழா மைதானமாக்கிக்கொண்டார்கள். 1920களிலிருந்து கென்னிவுட்டில் ஆண்டுக்கு ஒருநாள் ஸ்லோவாக் நாள் கொண்டாடினார்கள், பாட்டும் ஆட்டமும் சொந்த பந்தமுமாக. ஆலை நகரம் பழைய பண்பாட்டை அழித்தது என்று ஒரே வரியில் எழுதுகிறவர்கள் இந்த மாதிரி விஷயங்களைப் பார்ப்பதில்லை.

நூலகத்தையும் நான் ஒதுக்கவில்லை. அப்பாவுக்கு ஒழியாத நேரம் பிள்ளைக்கு ஒழிந்திருக்கும். என் வழக்கு கார்னகியின் கணக்கோடுதான். புத்தகத்துக்குப் பணம் கொடுத்தார், படிக்க நேரம் கொடுக்கவில்லை.

போகும் இடங்கள்: ஹோம்ஸ்டெட் நூலகம் மேட்டின் மேல் இன்னும் இயங்குகிறது. கீழே ஆற்றங்கரையில் இருந்த ஆலை 1986இல் மூடப்பட்டது. இப்போது அந்த நிலத்தில் கடைகளும் ஒரு மல்டிபிளெக்ஸும் இருக்கின்றன. பழைய செங்கல் புகைபோக்கிகளை மட்டும் வரிசையாக விட்டுவைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கென்னிவுட் பக்கம்தான். 1920இல் போட்ட ஜாக் ராபிட் என்ற மர ரோலர் கோஸ்டர் இன்னும் ஓடுகிறது. மகளோடு ஏறுங்கள், முதுகுவலி இருந்தால் மட்டும் வேண்டாம்.