நாலாகிப்போன ஐந்து

வணக்கம் சார்,

உளவாளிப் படங்களின் தீம் இசையில் எது உசத்தி என்று தம்பியோடு ஒரு வாரமாகச் சண்டை. எனக்கு அடேல் பாடிய ‘ஸ்கைஃபால்’தான். மடோனாவின் ‘டை அனதர் டே’தான் மட்டம் என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போகிறோம். உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

ஸ்கைஃபால் எனக்கும் பிடிக்கும். ஜேம்ஸ் பாண்ட் படப் பாட்டுகளில் முதன்முதலாக ஆஸ்கர் வாங்கியது அதுதான். ஆனால் அதன் வேர் 1962-இல் வந்த ‘டாக்டர் நோ’ தீமில் இருக்கிறது. அதில் அடியில் ஓடுகிற ஸ்வரங்களைக் கேளுங்கள்: பஞ்சமம், சின்ன தைவதம், பெரிய தைவதம், மறுபடி சின்ன தைவதம். ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த மூன்று கட்டைகள், அவ்வளவுதான். நிஷாதம் வரைக்கும் போகாமல் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது, சுவரோரமாக ஒண்டி நடக்கிறவன் மாதிரி. ஸ்கைஃபாலுக்குள்ளும் அதே நகர்வுதான் பதுங்கியிருக்கிறது. (அந்தப் பழைய தீமின் கிட்டார் மெட்டை இசையமைப்பாளர் மாண்டி நார்மன் முதலில் போட்டது எழுத்தாளர் வி.எஸ். நைபாலின் பிஸ்வாஸ் நாவலை மேடையேற்றும் திட்டத்துக்காக, தும்மலால் ராசி கெட்ட ஓர் இந்தியன் பாடும் பாட்டாக! எனக்கு இது எப்போது நினைத்தாலும் சந்தோஷம் தரும் விஷயம்.)

சரி, என் முதல் இடம் பாட்டே இல்லாத ஒன்றுக்கு. 1966-இல் ‘மிஷன் இம்பாசிபிள்’ டிவி தொடருக்காக லாலோ ஷிஃப்ரின் போட்ட தீம். தொடையில் தட்டிப் பாருங்கள்: தகிட தகிட தக தக. மூணு மூணு ரெண்டு ரெண்டு, ஆக பத்து அட்சரம், அதாவது அஞ்சு எண்ணிக்கை. இரண்டு நீளம், இரண்டு குட்டை; தந்தி மொழியில் எம், ஐ என்ற எழுத்துகளும் அப்படியேதான், இரண்டு கோடு, இரண்டு புள்ளி. எண்ணிக்கைக்கு ஓர் அடியாக வைத்து நடந்துகொண்டே கேட்டால் ஒரு சுற்று வலது காலில் தொடங்கும், அடுத்தது இடது காலில் தொடங்கும், உடம்புக்குப் பிடிமானமே கிடைக்காது. திரி எரிந்துகொண்டிருக்கிற உணர்வு அந்தத் தடுக்கலில்தான் இருக்கிறது.

அதனால்தான் எனக்குப் பிடிக்காததும் இதே தீம்தான்! 1996-இல் முதல் படம் வந்தபோது யு2 ராக் இசைக்குழுவின் ஆடம் கிளேட்டனும் லாரி முல்லனும் டான்ஸ் ஆடத் தோதாக இதைப் பெரும்பாலும் நாலு எண்ணிக்கைக்கு மாற்றி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள், சக்கைப்போடு போட்டது. எனக்கு முழுசாகக் கேட்க முடியவில்லை. கால் சரியாக விழுந்துவிட்டால் அப்புறம் என்ன பயம்? அந்தப் படத்தின் தொடக்க டைட்டிலுக்கு டேனி எல்ஃப்மன் ஐந்தை ஐந்தாகவே விட்டுவைத்தார், அதற்காகவே அவர் மேல் தனி மரியாதை.

மடோனாவை ஒதுக்கிவிடாதீர்கள். வயலின்களைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்ட அந்தப் பாட்டு அழகில்லைதான், ஆனால் எதையும் வழவழப்பாக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் தம்பியைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நடந்துகொண்டே ஷிஃப்ரினைக் கேளுங்கள். யார் கால் முதலில் தப்புகிறது என்று எனக்கு எழுதுங்கள்.