தீக்காயத்தோடு குத்துக்காயமும்: அவசர சிகிச்சை டாக்டரிடம் கேளுங்கள்

சிங்கப்பூர் ஜூரோங் தீவில் பாதுகாப்பு மேற்பார்வையாளர்: டாக்டர், வெடிவிபத்தில் ஒருவருக்கு உடம்பெல்லாம் தீக்காயம், வயிற்றிலும் இரும்புத் துண்டு பாய்ந்திருக்கிறது. எதை முதலில் பார்ப்பீர்கள்?

மூச்சையும் ரத்தப்போக்கையும். முகம் வெந்து, மூக்கில் கரி இருந்தால் தொண்டை வீங்கி அடைப்பதற்குள் குழாய் போட்டுவிடுவோம். தீக்காயம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், எல்லோர் கண்ணும் அதிலேயே நிற்கும். ஆனால் அதனால் வரும் ‘ஷாக்’, அதாவது பிரஷர் விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் நிலை, மணிக்கணக்கில்தான் ஏறும். ஆள் வந்து இறங்கும்போதே பிரஷர் விழுந்திருந்தால் வேறெங்கோ ரத்தம் போகிறது என்றுதான் நினைக்க வேண்டும். உடுப்பை முழுக்க வெட்டி எடுத்து, ஆளைப் புரட்டி முதுகு, அக்குள், தொடை இடுக்கு என்று தேடுவோம். கரி படிந்த தோலில் மொச்சைக்கொட்டை அளவு துளை இருந்தாலும் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தாதிமை மாணவி: தீக்காயத்துக்கு எவ்வளவு டிரிப் தேவை என்று சொல்லும் பார்க்லேண்ட் கணக்குப்படியே ஏற்றலாமா சார்?

அதில்தான் சிக்கலே, தங்கச்சி. 70 கிலோ ஆளுக்கு 40 சதவீதம் வெந்திருந்தால் 4 மில்லி × 70 கிலோ × 40 சதவீதம், அதாவது முதல் 24 மணி நேரத்துக்கு 11,200 மில்லி. அதில் பாதி, தீப்பட்ட நேரத்திலிருந்து முதல் 8 மணி நேரத்துக்குள். ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது இவ்வளவையும் ஏற்றினால் ரத்தம் நீர்த்து, உறைவதும் குறையும். அப்படிப்பட்டவருக்கு முதலில் ரத்தமும் பிளாஸ்மாவும் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) கொடுத்து, ரத்தப்போக்கை நிறுத்த வேண்டும். அது நின்ற பிறகு கணக்குக்கு வரலாம். அப்போதும் அது தொடக்கப்புள்ளிதான். மணிக்கு மணி சிறுநீர் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். கூடிப்போனால் வயிறு இறுகி சிறுநீரகமும் நுரையீரலும் திணறும்.

உட்லண்ட்ஸ் வாசகர்: வெந்த தோல் மேலேயே கத்தி வைப்பீர்களா?

உள்ளே ரத்தம் போனால் வைத்தே ஆக வேண்டும், அண்ணே. தையல் ஆறுவது கடினம், கிருமித்தொற்றும் வரலாம். அதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தோல் போன உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும், குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. அதனால் அறுவை அறையைச் சூடாக வைப்போம், வேர்த்துக் கொட்டும்.

ஈசூன் அக்கா: பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்யலாம், தம்பி?

உடனே 995 அழையுங்கள், அக்கா. பாய்ந்த பொருளைப் பிடுங்காதீர்கள். அதுவே ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். ரத்தம் கொட்டும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். சின்னத் தீக்காயம் மட்டும் என்றால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டலாம். உடம்பு நிறைய வெந்து ரத்தமும் போகிறது என்றால் ஈரத்தில் ஊறவிடாமல், சுத்தமான துணியால் மூடிக் கதகதப்பாக வைத்திருங்கள். பற்பசை, சோயா சாஸ் எதையும் தடவ வேண்டாம்.