குறுக்குத்துறையில் வெள்ளம் வரும்போது

கேள்வி: முக்கூடல் பக்கத்துக் கிராமத்தில் பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறேன். கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரத்தில் இரண்டு நாள் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். என்னுடையதைக் கொடுக்கலாம் என்றால் ரத்த வகை சேரவில்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டு ஞானப்பூ சித்திதான் அவர்களுக்குச் சோறு போடுகிறார். கூடச் சுற்றும் பெண்கள் எனக்கும் சேர்த்து இலை வெட்டித் தருகிறார்கள். என் மாமியாரோ, "நெல்லையப்பர் மழையில் நெல்லையே காத்தவர், உன் புருஷனைக் காக்க மாட்டாரா? உனக்குத்தான் நம்பிக்கை பற்றவில்லை" என்கிறார். ஒரு ஜோதிடர் ரூ.40,000-க்குப் பரிகாரம் சொல்லியிருக்கிறார். வரும் ஆடி அமாவாசை டயாலிசிஸ் நாளில் வருகிறது. அன்று ஒரு தடவை விட்டுவிட்டு, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு அவரைக் கூட்டிப்போகலாம் என்கிறார் மதினி. எனக்குச் சாமி மேல் கோபம்தான் வருகிறது. இந்த நிலையில் கடவுளை எப்படி நம்புவது?
– ஒரு வாசகி, முக்கூடல் வட்டாரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அத்தை சொன்ன கதையிலிருந்தே தொடங்குகிறேன். அவர் அதில் ஒரு முக்கியமான இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். வேதசர்மர் யாசித்துச் சேர்த்த நெல்லைச் சுவாமி அமுதுக்காகக் காயப்போட்டுவிட்டுத் தாமிரபரணிக்குக் குளிக்கப் போனார். மழை பிடித்துக்கொண்டது. நெல் நனைந்தால் சுவாமிக்கு என்ன படைப்பது என்று பதறி ஓடிவந்தார். வந்து பார்த்தால் சுற்றிலும் மழை, நெல்லின் மேல் மட்டும் ஒரு துளி இல்லை. நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அந்த மனிதர் பதறினாரே, ஓடினாரே, அதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. "சுவாமி பார்த்துக்கொள்வார்" என்று அவர் ஆற்றிலேயே நின்று இன்னொரு முழுக்குப் போடவில்லை. அப்படி ஓடியதற்காக நெல்லையப்பர் அவரை நம்பிக்கையில்லாதவர் பட்டியலில் சேர்க்கவும் இல்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, கணவரைத் தாங்கிப் பிடித்து பஸ் ஏற்றுகிறீர்களே, அதுவும் அந்த ஓட்டம்தான். உங்கள் நம்பிக்கையை அளந்து பார்க்க அத்தைக்கு எந்தப் படியும் கொடுக்கப்படவில்லை. பாவம், அவரும் பெற்ற மகனை நினைத்துப் பயந்துபோய்த்தான் அப்படிப் பேசுகிறார்.

ஆனாலும் அந்த ஒரு கதையை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. அது நெல் நனையாத கதை. நனைந்தவர்களும் இருக்கிறார்கள்.

குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில். பெருவெள்ளம் வந்தால் அது மூழ்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஊரே மூழ்கியபோது அதுவும் மூழ்கியது. தண்ணீர் ஏறப்போகிறது என்று தெரிந்தால் அங்கே என்ன செய்கிறார்கள்? உற்சவரையும் பூஜைப் பொருள்களையும் கரையிலிருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். மூலவர் அங்கேயே தண்ணீருக்குள் இருக்கிறார். வெள்ளம் வடிந்ததும் சேற்றை அள்ளிக் கொட்டி, கழுவி, மறுபடியும் விளக்கேற்றுகிறார்கள். முருகன் ஆற்றைத் தடுத்து நிறுத்துவான் என்று பந்தயம் கட்டி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. தடுத்து நிறுத்தவில்லையே என்று கோயிலை விட்டுப் போவதும் இல்லை. தூக்க முடிந்ததைத் தூக்குகிறார்கள், தூக்க முடியாததை அவனிடம் விடுகிறார்கள். நம்பிக்கையைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாவற்றையும் விட இந்த வேலை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

உங்கள் வீட்டில் தூக்க முடிந்தவை எவை என்று பார்ப்போம். ரத்த வகை சேரவில்லை என்றதோடு கதவு மூடிவிட்டதாக நினைக்கிறீர்கள். மூடவில்லை. உங்களைப் போலவே ரத்த வகை சேராத இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ள உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011 திருத்தம் வழி செய்திருக்கிறது. உங்கள் சிறுநீரகம் அவர்கள் வீட்டு நோயாளிக்கு, அவர்களுடையது உங்கள் கணவருக்கு. இன்னொரு வழி, மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகம். மாற்று அறுவை செய்யும் மருத்துவமனை மூலம் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் பெயர் பதிய வேண்டும். காத்திருப்பு நீளமாக இருக்கலாம். பதியாத பெயர் மட்டும் எந்த நாளும் வராது. அடுத்த முறை போகும்போது சிறுநீரக மருத்துவரிடம் இந்த இரண்டையும் வாய்விட்டுக் கேளுங்கள். ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மாற்று அறுவைக்கும் உதவி உண்டு. அந்த அட்டை உங்களிடம் இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் விசாரியுங்கள். பிள்ளைகளுக்கு, பீடித் தொழிலாளர் அடையாள அட்டையைக் காட்டி மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இணையத்தில் பதிய வேண்டும், எப்படி என்று பள்ளியில் கேளுங்கள்.

ஜோதிடர் விஷயத்துக்கு எனக்குப் பொறுமை இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று விரல் தேயச் சுற்றுகிற பெண்ணிடம் ரூ.40,000 கேட்கிறவர், தெய்வத்தின் பெயரில் தன் பெட்டியைத்தான் நிரப்புகிறார். ஒரு பைசா கொடுக்காதீர்கள். அதற்காகக் கம்மலை அடகு வைக்கவும் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு உயிரை விற்கிற சாமி நம் ஊர்க் கோயில்கள் எதிலும் இல்லை.

சாமி மேல் கோபம் வருகிறது என்று தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனால் பாருங்கள், சுடலைமாடன் பீடத்துக்கு எதிரே நின்று, "உனக்குக் கண் இல்லையா? என் பிள்ளையை இப்படிப் போட்டு வைத்திருக்கிறாயே" என்று மாரில் அடித்துக்கொண்டு கேட்கிற தாய்மார்கள் எத்தனை பேர். அவர்களை யாராவது நாத்திகர் என்றார்களா? எதிரில் ஆள் இல்லை என்று நினைக்கிறவர் சண்டை போடமாட்டார். கேட்க வேண்டியதைக் கேட்டுத் தீருங்கள். அழுகையோடு கேட்டாலும் அது பிரார்த்தனைதான்.

நம்பப் பழகுவது எப்படி என்ற கேள்விக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். "அவருக்குப் பூரணமாகக் குணமாக வேண்டும்" என்று மொத்தத்தையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, பதில் வந்ததா என்று தினமும் நெஞ்சைத் தடவிப் பார்த்தால் மனம் உடைந்துபோகும். இந்த டயாலிசிஸிலிருந்து அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் மட்டும் கேளுங்கள். அவருக்கு மூச்சு முட்டாமல் இருக்க வேண்டும், பிள்ளைகள் பசியோடு படுக்கக் கூடாது, எனக்கு ஒரு ராத்திரியாவது தூக்கம் வேண்டும் என்று. பிறகு கிடைத்ததைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் ஞானப்பூ சித்தியும் இலை வெட்டித் தரும் பெண்களும் ஒரே வரியில் வந்து போய்விட்டார்கள். நானாக இருந்தால் அந்த வரியில் கொஞ்சம் நின்றிருப்பேன். நீங்கள் அய்யனாரிடம் கேட்டதற்கு, வேதக்கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்குப் போகும் சித்தி கையில் சோறு வந்திருக்கிறது. தெய்வங்களுக்குள் இதில் தகராறு ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

கடைசியாக ஆடி அமாவாசை. டயாலிசிஸை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள், ஒரு தடவைகூட. தண்ணீர் நுரையீரலில் சேரும்; ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுபோகவும் கூடும். காரையாற்றில் அன்று இருக்கும் கூட்டத்தில், காட்டுக்குள்ளிருந்து அவரை அவசரத்துக்கு வெளியே கொண்டுவருவதும் லேசு இல்லை. நேர்ச்சையை மதினியே போய்ச் செலுத்தட்டும். அதற்கு எந்தத் தடையும் கிடையாது. உங்கள் கணவருக்கும் போக ஆசை என்றால், இன்னொரு மாதத்தில், டயாலிசிஸ் முடிந்த மறுநாள், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பகலிலேயே போய்த் திரும்புங்கள். கழுத்தில் குழாய் போட்டிருந்தால் ஆற்றில் இறங்கவே கூடாது, அதில் தண்ணீர் பட்டால் கிருமி ரத்தத்துக்குள் போய்விடும். கரையில் நின்று கும்பிட்டால் போதும். வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் அதிகம். திருநீறு மட்டும் அவர் பூசிக்கொள்ளட்டும். பிரசாதத்தில் பழம் வந்தால் அவர் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.