மால் கைமாறிவிட்டது, கடையைக் காலி செய்யச் சொல்கிறார்கள்: என் அட்வான்ஸ் யாரிடம்?

கேள்வி: தாம்பரத்தைத் தாண்டி ஒரு சின்ன மாலில், முதல் மாடியில் ஆறு வருடமாக பிளவுஸ் தையல் கடை வைத்திருக்கிறேன். வாடகை 22,000 ரூபாய், அட்வான்ஸ் 3 லட்சம். முதல் மூன்று வருடம் பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டோம், அப்புறம் போடவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் மாலை வேறொருவர் வாங்கிவிட்டார். கட்டடத்தையே மாற்றிக் கட்டப் போகிறோம், பெரிய சூப்பர் மார்க்கெட் வருகிறது, முப்பது நாளில் காலி செய்யுங்கள் என்று அவர்கள் ஆள் வந்து வாய்மொழியாகச் சொன்னார். ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு 50,000 கட்டினால் புதுக் கட்டடத்தில் முதல் உரிமை எனக்குத்தானாம். பழைய ஓனர், "அட்வான்ஸை அவர்களிடம் கேளுங்கள்" என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அதன் நகலோடு இன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்தக் கடிதத்தில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். சென்ற வருடம் செல்போன் கடைக்காரர் ஒருவர் இதே மாதிரி ஒன்றை என் மேசையில் வைத்தார். ஒரே பக்கம். "என் சொந்த விருப்பத்தின் பேரில் கடையைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டேன். எனக்கும் உரிமையாளருக்கும் இடையில் எந்தக் கணக்கு வழக்கும் பாக்கி இல்லை." கீழே ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் அவர் கையெழுத்து. தேதி போட வேண்டிய இடம் மட்டும் காலி. அட்வான்ஸுக்கு இரண்டு மாதம் தள்ளித் தேதியிட்ட செக் கொடுத்திருந்தார்கள், அது பணமில்லை என்று திரும்பி வந்தது. கணக்கு பாக்கி இல்லை என்று அவரே எழுதிக் கொடுத்த தாள் எதிராளியின் கையில் இருக்கிறது. அந்த ஒரு தாளைத் தாண்டி வர நாங்கள் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம்.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். கட்டடம் கைமாறியதால் உங்கள் வாடகை உரிமை போய்விடாது. சொத்து மாற்றச் சட்டம், 1882-இன் 109-வது பிரிவின்படி, வாங்கியவர் பழைய ஓனரின் இடத்துக்கு வருகிறார். அவருடைய உரிமையோடு அவருடைய பொறுப்பும் சேர்ந்தேதான் வரும். வாய்மொழியாக "முப்பது நாள்" என்பது நோட்டீஸே இல்லை. கையெழுத்திட்ட எழுத்து நோட்டீஸ் வர வேண்டும். நோட்டீஸ் வந்துவிட்டாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஷட்டரை இழுத்துப் பூட்ட முடியாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் சட்டப்படி, அவர்கள் வாடகை நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்க வேண்டும். இடித்துக் கட்டுவது அந்தச் சட்டத்தில் ஒரு செல்லுபடியாகும் காரணம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கடையைக் காலி செய்யாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது என்று காட்ட வேண்டியது அவர்கள். திட்ட அனுமதி வாங்கியாயிற்றா, வரைபடத்தில் உங்கள் தளம் இடிபடுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் அனுமதிக்கு மனுகூடப் போட்டிருக்க மாட்டார்கள். இருக்கிற சின்னக் கடைகளை எழுப்பிவிட்டு மொத்தத் தளத்தையும் ஒரே பெரிய கடைக்குக் கொடுப்பதுதான் உண்மையான திட்டமாக இருக்கும்.

இதற்கிடையில் கரண்டை நிறுத்துவது, லிஃப்டை அணைப்பது, கழிப்பறையைப் பூட்டுவது எல்லாம் நடக்கும். அத்தியாவசிய வசதியை வெட்டக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. புகாரை வாடகை அதிகாரியிடம் கொடுக்கலாம். மீறிப் பூட்டிவிட்டால், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவில், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் சொத்து யாருடையது என்ற கேள்விக்கே போக மாட்டார்கள், உங்களைச் சட்டப்படி வெளியேற்றினார்களா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அதனால் கடை திறந்திருப்பதை, மெஷின் ஓடுவதை, மீட்டர் ரீடிங்கை வாரம் ஒரு முறை தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள்.

உங்கள் பக்கம் இருக்கும் ஓட்டை, அக்ரிமென்ட் இல்லாதது. பதினோரு மாதம் என்று போட்டால் பதிவுச் செலவு மிச்சம் என்று புரோக்கர்கள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பத்திரப் பதிவு கட்டாயம் என்ற பழைய கணக்கு அது. இப்போதைய சட்டம் எல்லா வாடகை ஒப்பந்தத்தையும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. ஒப்பந்தம் போடத் தவறியதையே காரணமாகக் காட்டி இடத்தைக் கேட்கவும் வழி வைத்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் தவறு இருவருடையது, அடி விழுவது வாடகைக்கு இருப்பவர் மேல். அதனால் புது உரிமையாளருக்கு, ஒப்பந்தம் போட நான் தயார் என்று ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். வாடகையை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள். வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்ட வழி இருக்கிறது. பாக்கி வைத்தால் அவர்களுக்கு வேறு காரணமே தேவைப்படாது.

வாடகை அதிகாரி என்கிறேனே, அது பெரும்பாலும் கோட்டாட்சியர் அலுவலகம்தான். பட்டா தகராறு, வெள்ள நிவாரணம், தேர்தல் வேலை எல்லாம் அதே மேசையில். விரைவில் தீர்வு என்று சொல்லித்தான் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மனுவைக் கொடுத்துவிட்டு நம்பர் வாங்கவே மூன்று முறை நடக்கிற தையற்காரருக்கு அது எந்த வகையில் விரைவு என்று யாராவது பதில் சொல்ல வேண்டும். ஆனாலும் மனுவைக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். பின்னால் நீதிமன்றத்தில் பேசப்போவது அந்த ரசீதுதான்.

அட்வான்ஸ் விஷயத்தில் பழைய ஓனரையும் புது ஓனரையும் ஒரே கடிதத்தில் சேர்த்து, தனித்தனிப் பிரதியாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை. பதிவுத் துறை இணையதளத்தில் அந்தச் சொத்துக்கு வில்லங்கச் சான்று பாருங்கள், பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. கிரையப் பத்திர எண் அதில் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து மனுப் போட்டால் பத்திரத்தின் சான்றிட்ட நகலை யாரும் வாங்கலாம். வாடகைதாரர்களின் முன்பணம் கிரையத் தொகையில் கழிக்கப்பட்டது என்றோ வாங்குபவர் பொறுப்பேற்கிறார் என்றோ அதில் ஒரு வரி இருந்தால், உங்கள் 3 லட்சத்துக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அதே வில்லங்கச் சான்றில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் மேலே சொன்ன தைரியமெல்லாம் இந்த ஓர் இடத்தில் செல்லாது. கட்டடத்தின் மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்துக் கடன் வாங்கியதாகப் பதிவு இருக்கிறதா? இருந்தால் அதன் தேதி, நீங்கள் கடைக்கு வந்த தேதிக்கு முன்னாலா பின்னாலா? கடன் வாராக்கடன் ஆகி, அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்றி விற்க வழி தரும் சர்ஃபேசி சட்டம், 2002-இன் கீழ் வங்கி நடவடிக்கை எடுத்து ஏலத்தில் விற்றிருந்தால், உங்கள் எதிராளி சாதாரண ஓனர் இல்லை. பதிவில்லாத வாடகையைக் காட்டி ஓராண்டுக்கு மேல் பாதுகாப்புக் கேட்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாடகை நீதிமன்றமும் அங்கே உதவாது. 2016-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வாடகைதாரரும் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் கெடு 45 நாள்தான். சொத்தைக் கைப்பற்றிவிட்டோம் என்று வங்கி கட்டடத்தின் வாசலில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டும், தமிழ்ப் பத்திரிகை ஒன்றிலும் விளம்பரம் கொடுக்கும். போகிற வருகிறவர்கள் எல்லாரும் அந்தத் தாளைப் பார்த்திருப்பார்கள், உள்ளே கடை வைத்திருப்பவர்தான் அது மால்காரரின் பிரச்சினை என்று விட்டிருப்பார். செக்யூரிட்டியைக் கேளுங்கள், அப்படி ஏதாவது ஒட்டினார்களா, என்றைக்கு என்று. ஏல வழியில் வந்த விற்பனை என்றால் ஒரு நாளும் தாமதிக்காமல் தீர்ப்பாயத்தில் ஆஜராகும் வக்கீலிடம் போங்கள். தனியார் கிரையம்தான் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

கடைசியாக அந்த 50,000. கட்டாதீர்கள். இடித்துக் கட்டிய பிறகு பழைய வாடகைதாரருக்கு மறுபடி இடம் என்பது இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான். அந்த எழுத்தில் உரிமையாளரே கையெழுத்திட வேண்டும். தளம், சதுர அடி, வாடகை, எந்தத் தேதிக்குள், தவறினால் எவ்வளவு இழப்பீடு, இத்தனையும் இருக்க வேண்டும். இடைத்தரகர் விசிட்டிங் கார்டின் பின்னால் எழுதிக் கொடுக்கும் "முதல் உரிமை"க்கு எந்த மதிப்பும் கிடையாது. கடையை விற்பதாகச் சொன்னால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாமல் புக்கிங் பணம் வாங்குவதே தவறு. வாடகைக்கு என்றால் அந்த ஆணையம் உங்களுக்கு உதவாது, அதனால் இன்னும் கவனம் தேவை.

பேசி முடித்து நீங்களே கிளம்புவதானால், அட்வான்ஸை டிடியாக அல்லது வங்கிக் கணக்கில் வாங்கிய பிறகு சாவி கொடுங்கள், செக் வேண்டாம். நீங்கள் போட்ட ஏசி, கண்ணாடி, ஃபால்ஸ் சீலிங் எல்லாவற்றையும் கடையை ஒப்படைக்கும் முன்பே கழற்றி எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. வாடிக்கையாளர்கள் தைக்கக் கொடுத்த துணிகளுக்குப் பட்டியல் எழுதி, அவற்றை இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஒருநாள் காலையில் ஷட்டர் பூட்டியிருந்தால், உள்ளே மாட்டிக்கொள்ளும் கல்யாணப் பிளவுஸுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.