இருவருக்கும் கோலாலம்பூரில் வேலை; சிரம்பானில் வீடு வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் கொடுத்த விவரம் இது: கணவன், மனைவி இருவருக்கும் கேஎல்லில் வேலை. செந்தூலில் 1,600 வெள்ளி வாடகை. மூன்று வயதில் ஒரு பிள்ளை. கையில் இருக்கும் பணத்துக்கு கேஎல்லில் சின்ன அடுக்குமாடி வீடு, அதாவது கொண்டோதான் கிடைக்கிறது, அதே பணத்துக்குச் சிரம்பானில் இரட்டை மாடித் தரை வீடே கிடைக்கிறது. வாங்கலாமா? கூடவே, நீலாயா சிரம்பானா என்றும் கேட்டிருக்கிறார்.

உங்கள் இருவரில் ஒருவருக்காவது, கேஎல்லிலிருந்து சிரம்பான் போகும் வழியில் இருக்கும் காஜாங்குக்குத் தெற்கே வேலை கிடைக்கும் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம். மூன்று வருஷத்துக்கு மேல் இந்த வாழ்க்கையை வாழ்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நாங்கள் 2022 மார்ச்சில் சிரம்பானில் ராசா பக்கம் ஒரு பழைய இரட்டை மாடி வீட்டை 3 லட்சத்து 60 ஆயிரம் வெள்ளிக்கு வாங்கினோம். என் வீட்டுக்காரருக்கு, காஜாங்குக்குத் தெற்கே இருக்கும் நீலாயில் தொழிற்சாலை வேலை. எனக்கு கேஎல்லில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கணக்காளர் அலுவலகம். அப்போது மகனுக்கு இரண்டு வயது.

முதலில் என் ஒரு நாளைச் சொல்லிவிடுகிறேன். விலையை எல்லாரும் பார்ப்பார்கள், இதை யாரும் பார்ப்பதில்லை. ஐந்து மணிக்கு எழுவேன். ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்கினால்தான் ஸ்டேஷன் பக்கம் காரை நிறுத்த இடம் கிடைக்கும். அதற்குப் பிறகு போனால் எங்காவது கடை வரிசையில் நிறுத்திவிட்டு, சம்மன் வருமோ என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருக்க வேண்டும். சிரம்பானில் ஏறுவதில் ஒரு நன்மை, கொமுட்டர் ரயிலில் உட்கார இடம் உண்டு. இளஞ்சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து காஜாங் வரை தூங்கிவிடுவேன். நீலாய், பாங்கி என்று கூட்டம் சேர்ந்துகொண்டே வரும். பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்குகிறவர்கள் இறங்கியதும் கொஞ்சம் மூச்சு விடலாம். எல்லாம் சரியாக ஓடினால் கேஎல் சென்ட்ரலுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். சரியாக ஓடாத நாள்களும் உண்டு. திரோய்க்கும் லாபுவுக்கும் நடுவே, சுற்றிலும் செம்பனை, ரயில் அசையாமல் நிற்கும். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் போனை எடுத்து மேனேஜருக்கு வாட்ஸ்அப் அனுப்புவோம்.

சாயங்காலம்தான் உண்மையான சோதனை. அலுவலகம் ஐந்தரைக்கு முடியும். ஒரு ரயிலை விட்டால் அடுத்ததுக்குக் குறைந்தது அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். வீட்டுக்கு வர ஏழே முக்கால், சில நாள் எட்டரை. மகனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஆறரை மணிக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறதே. என் வீட்டுக்காரர் ஐந்து மணிக்கு நீலாயிலிருந்து கிளம்பி ஐந்தரைக்கெல்லாம் மகனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். காய்ச்சல் என்று போன் வந்தாலும் அவர்தான் ஓடுகிறார். அவருக்கும் கேஎல்லில் வேலை என்றால் எங்களால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது. எங்கள் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியிலேயே) இரண்டு குடும்பங்கள் அப்படி வந்து, பிள்ளைக்காகத் தாத்தா பாட்டியைத் தைப்பிங்கிலிருந்து கூட்டி வந்து வைத்துக்கொண்டார்கள். உங்களுக்கு அப்படி யாராவது இருந்தால் நான் சொன்ன கணக்கு மாறும். அத்தை மாமாவிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், வீடு வாங்கிவிட்டுக் கேட்காதீர்கள்.

'காரிலேயே போய்விடுவோம்' என்று நினைத்தால், அதையும் நான் நான்கு மாதம் செய்தேன். போக 65 கிலோமீட்டர், வர 65. மாதம் 22 நாள் என்றால் 2,860 கிலோமீட்டர். அப்போது ரோன்95 லிட்டர் 2.05 வெள்ளி, பெட்ரோலுக்கு மட்டும் 400க்கு மேல் போனது. டோலும் கேஎல் பார்க்கிங்கும் தனி. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் மூன்றரை மாதத்துக்கு ஒரு தடவை வொர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டும். சுங்கை பீசிக்கு முன்னால் பிரேக் விளக்குகளின் வரிசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் ரயிலுக்கே திரும்பினேன்.

இனி பணம். 90 சதவீதக் கடன், 3 லட்சத்து 24 ஆயிரம், 35 வருஷம். கையெழுத்துப் போட்டபோது வட்டி 3.1 சதவீதம், மாதம் 1,265 வெள்ளி. வாடகையை விடக் குறைவு என்று குதித்தோம். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி, ஓபிஆர், அப்போது 1.75 சதவீதம். அது கோவிட் காலத்துக்காக இறக்கி வைத்திருந்த அளவு என்பது தெரியும், ஆனால் உறைக்கவில்லை. அந்த மே மாதமே ஏற ஆரம்பித்தது. ஐந்து தடவை கால் கால் சதவீதமாக ஏறி, 2023 மே மாதம் 3 சதவீதத்தில் நின்றது. எங்கள் தவணையும் கிட்டத்தட்ட 1,500 ஆனது. 2025 ஜூலையில் ஓபிஆர் 2.75க்கு இறங்கியபோது தவணையும் கொஞ்சம் இறங்கியது. நீங்கள் கணக்குப் போடும்போது வங்கி இன்று சொல்லும் வட்டியோடு இன்னும் ஒரு சதவீதம் கூட்டிப் போட்டுப் பாருங்கள். அதையும் கட்ட முடியும் என்றால் மட்டும் மேலே பேசலாம்.

கைப்பணம் எவ்வளவு வேண்டும் என்பதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 10 சதவீத முன்பணம் 36,000. லாயருக்கு, விற்பனை ஒப்பந்தத்துக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் சேர்த்து 7,000த்துக்கு மேல். இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) அப்போது இரண்டாம் கணக்கு என்று இருந்ததில் சேர்ந்த பணத்தை வைத்து முன்பணம் கட்டிவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, கடனும் ஒப்புதலான பிறகுதான் இபிஎஃப்புக்கு மனுவே போட முடியும். அதாவது முதலில் நீங்கள் கட்ட வேண்டும், அந்தப் பணம் பின்னால் வரும். நடுவில் இருந்த இரண்டு மாதத்துக்கு என் சங்கிலி அடகுக் கடையில் இருந்தது. (மீட்டுவிட்டேன்.)

முத்திரை வரி விஷயத்தில் ஒரு புத்திசாலித்தனம் செய்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். 5 லட்சம் வெள்ளி வரையுள்ள முதல் வீட்டுக்கு அந்த வரி விலக்கு இருந்தது. 3 லட்சத்து 60 ஆயிரத்துக்குப் பெயர் மாற்ற வரி 6,200, கடன் பத்திர வரி 1,620, ஆக 7,820 வெள்ளி மிச்சம். ஆனால் வாங்குபவர் பெயரில் அதற்கு முன் எந்த வீடும், பங்காகக்கூட, இருந்திருக்கக் கூடாது. என் வீட்டுக்காரருக்கு அவர் அப்பாவின் மலிவு விலை வீட்டில் அண்ணனோடு பாதிப் பங்கு இருந்தது. நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம், லாயர்தான் கேட்டார். அதனால் வீடும் கடனும் என் பெயரில் மட்டும். சம்பளம் ஒருவருடையது மட்டும் என்பதால் ஒரு வங்கி மறுத்தது, இரண்டாவது கொடுத்தது. மாமியார் ஒரு வாரம் பேசவில்லை, அது வேறு கதை.

இந்த வீட்டுக்கு முன்னால் வேறொரு வீட்டில் கையைச் சுட்டுக்கொண்டோம். மூலை வீடு, பெரிய வாசல், மாமரம், விலை 3 லட்சத்து 20 ஆயிரம்தான். ஏஜெண்ட் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காட்டினார். சொக்கிப்போய் 3 சதவீதம், 9,600 வெள்ளி, அன்றே கட்டினோம். வியாழக்கிழமை வேலை முடிந்து சும்மா ஒரு தடவை பார்க்கப் போனபோது, எதிர்வீட்டுப் பாட்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்: "ஏம்மா, அந்த மூல வீடா வாங்கறீங்க? அது பூமி லாட்டுன்னு சொல்லலியா?"

சொல்லவில்லை. பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரர்களுக்கும் பூர்வகுடியினருக்கும், ஒதுக்கித் தள்ளுபடி விலையில் விற்ற வீடு அது. நம்மைப் போன்றவர்கள் வாங்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், அது கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நாங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் ஒப்புதல் கிடைக்காவிட்டால் பணம் திரும்பும் என்று ஒரு வரிகூட இல்லை. லாயர் கடிதம் மேல் கடிதம் எழுதி இரண்டு மாதம் கழித்துத்தான் பணம் வந்தது. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் நில அலுவலகத்தில் பட்டாப் பதிவைத் தேடிப் பார்க்கும் ஒரு 'சர்ச்' எடுக்கச் சொல்லுங்கள். பட்டாவில், நாம் கிராண்ட் என்று சொல்வதில், நிரந்தர உரிமையா குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை வருஷம், விற்பதற்கு என்ன கட்டுப்பாடு எல்லாம் இருக்கும். நெகிரி செம்பிலானில் மலாய் ஒதுக்கீட்டு நிலமும் உண்டு, அதற்கு மேல் ரெம்பாவ், கோலா பிலா பக்கம் மலாய் மரபுப்படி பெண்வழி வரும் அடாட் நிலமும் உண்டு. விலை மட்டும் ஆச்சரியமாகக் குறைவாக இருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்தப் பாட்டியிடம் கற்றுக்கொண்டதால், இரண்டாவது வீட்டை மூன்று தடவை பார்த்தோம். ஒரு தடவை நல்ல மழையில். பின்சந்துச் சாக்கடை நிரம்பினாலும் அடுப்படிக்குள் தண்ணீர் வரவில்லை. மேல்மாடி அறையின் கூரையில் காப்பிக் கறை மாதிரி ஒரு வட்டம் இருந்தது. ஏஜெண்ட் "பழைய கறை அக்கா" என்றார். என் வீட்டுக்காரர் பதில் பேசாமல் கார் சாவியால் கதவு நிலையைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். டக் டக் என்று வந்த சத்தம் இடுப்பு உயரத்தில் பொத் என்று மாறியது. பெருவிரலால் அழுத்தினார், பெயிண்ட் பப்படம் போல உள்ளே போனது. கரையான். கூரைச் சட்டம் வரை ஏறியிருந்தது. அதைக் காட்டித்தான் விலையில் 15,000 குறைத்தோம். ஆனால் கரையான் மருந்து, கூரைச் சட்டம், வயரிங் எல்லாம் சேர்த்து 22,000 செலவானது. லாபம் என்று சொல்ல முடியாது, ஆனால் தெரிந்தே வாங்கினோம்.

"பிடிக்காவிட்டால் விற்றுவிட்டு கேஎல்லுக்கே போய்விடலாமே" என்று உங்கள் கேள்வியின் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. முதல் மூன்று வருஷத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 சதவீதம் சொத்து ஆதாய வரி. ஆறாவது வருஷத்திலிருந்துதான் நமக்கு அது இல்லை. வாழ்நாளில் ஒரு முறை சொந்த வீட்டுக்கு விலக்கு கேட்கலாம் என்பதால் அதைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் வங்கிக் கடனில் முதல் சில வருஷத்துக்குள் முடித்தால் அபராதம் என்று ஒரு வரி இருக்கும். எல்லாவற்றையும் விட, முதல் வீட்டுச் சலுகையைச் சிரம்பானில் செலவழித்துவிட்டு கேஎல்லில் வாங்கப் போகும்போது முத்திரை வரியை முழுசாகக் கட்ட வேண்டும்.

கொண்டோவை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். சதுர அடிக்கு 35 காசு பராமரிப்பு என்றால் 850 சதுர அடிக்கு மாதம் 300 வெள்ளி வரும், அது கடைசி வரை நிற்காது. எனக்கு ரயிலுக்கும் ஸ்டேஷனுக்குப் போய் வருவதற்கும் அதை விடக் கூடவே ஆகிறது.

நீலாயா, சிரம்பானா? நீலாயில் ரயில் நேரம் அரை மணிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சமாகும், விலை அதற்கேற்றபடி. தமிழ்ப்பள்ளி, கோயில், பெரிய அரசு மருத்துவமனை, வெற்றிலைக் கட்டு வாங்கச் சந்தை எல்லாம் ஒரே ஊரில் வேண்டும் என்றால் சிரம்பான். மகனை லோரோங் ஜாவா தமிழ்ப்பள்ளியில் சேர்க்கப் போகிறோம், எனக்கு அது பெரிய விஷயம். ஆனால் எந்த ஊரானாலும் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள். சென்டாயான் பக்கம் புது வீடுகள் கண்ணைப் பறிக்கும். காலை ஆறு மணிக்கு அங்கிருந்து ஸ்டேஷன் வரை ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் நாத்தனாரும் அவர் கணவரும் உங்களைப் போலத்தான், இருவருக்கும் கேஎல். சிரம்பானில் வீடு பார்த்து வைத்திருந்தார்கள். வாங்குவதற்கு முன் எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்ப் பாருங்கள் என்று கூப்பிட்டேன். முதல் வாரம் "ரயில்ல நல்லா தூங்கலாம் அண்ணி" என்றார். மூன்றாவது வாரம் புதன்கிழமை ரயில் நின்றுபோய் இரவு ஒன்பதரைக்கு வந்தபோது, அவர் மகள் என் மடியில் சாப்பிடாமலே தூங்கியிருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டிவிட்டார்கள். இப்போது செந்தூலில் 850 சதுர அடி கொண்டோவில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளையை ஓடவிட எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.