கடற்பஞ்சும் கடல் அட்டையும் அழற்சியைத் தணிக்குமா? கேள்வி பதில்

கடல்வாழ் உயிரினங்களில் உள்ள அழற்சி தணிக்கும் வேதிப்பொருட்கள் குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் துறை இயற்கைப்பொருள் வேதியியல். நான் மருத்துவன் அல்லேன். ஆகவே எந்த மாத்திரையை நிறுத்தலாம் என்று கேட்டவர்களுக்கு இங்கே விடை கிடைக்காது.

கேள்வி: கடற்பஞ்சுக்கு மூட்டுவலி வருவதில்லையே, அழற்சியைத் தணிக்கும் பொருள் அதற்கு எதற்கு? (கல்லூரி மாணவி)

வந்தவற்றில் நல்ல கேள்வி இதுதான். கடற்பஞ்சுக்கு ஓடவும் முடியாது, ஓடும் கிடையாது. கடிக்க வரும் மீனையும் மேலே படர வரும் நுண்ணுயிரையும் விரட்ட அதற்கு இருப்பது வேதியியல் ஒன்றே. பிற உயிர்களின் புரதங்களைப் பற்றி முடக்கும்படி அமைந்த அந்த மூலக்கூறுகளில் சில, நம் உடலின் அழற்சிப் பாதையிலும் தற்செயலாகப் பொருந்திவிடுகின்றன.

மனோலைடு என்ற சேர்மத்தின் கதையைச் சொன்னால் இது விளங்கும். பலாவுத் தீவுக் கடலில் வளரும் லூஃபரியெல்லா வேரியாபிலிஸ் என்ற கடற்பஞ்சிலிருந்து, ஹவாயில் பால் ஷோயரின் ஆய்வுக்குழு இதைப் பிரித்தெடுத்து 1980-இல் வெளியிட்டது. முதலில் இதை நுண்ணுயிர்க்கொல்லியாகத்தான் பார்த்தார்கள். அழற்சியின் ஊற்றுக்கண்ணையே இது அடைக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. திசு புண்பட்டவுடன் பாஸ்போலிபேஸ் ஏ2 என்ற நொதி, செல்லுறையிலிருந்து அரக்கிடோனிக் அமிலத்தை வெட்டி விடுவிக்கிறது. அந்த அமிலம்தான் வலியும் வீக்கமும் தரும் புரோஸ்டாகிளாண்டின்களாக மாறுகிறது. ஆஸ்பிரின் இந்த இரண்டாம் படியை மறிக்கிறது. மனோலைடோ முதல் படியில் நிற்கும் நொதியிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களோடு பிணைந்து அதை மீளாதபடி முடக்குகிறது. எலியின் காதில் உண்டாக்கிய வீக்கம் இதனால் குறைந்தது. சொரியாசிஸுக்கான களிம்பாக மனிதரிடம் சோதிக்கும் கட்டம்வரை வந்தது. அங்கே, தோலைப் போதிய அளவு ஊடுருவாதது போன்ற காரணங்களால் நின்றுபோனது. இன்று அது ஆய்வகங்களில் அந்த நொதியை முடக்கிப் பார்க்கும் கருவியாக மட்டுமே பயன்படுகிறது.

சாறு வேறு, சேர்மம் வேறு, மருந்து வேறு. இதை இன்னும் சில முறை சொல்ல நேரும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: முகக் களிம்புகளில் பவளச் சாறு சேர்ப்பது உண்மையா?

உண்மைதான். பகாமாஸ் கடலில் வளரும் கடற்சாட்டை என்ற மென்பவளத்திலிருந்து கிடைக்கும், சூடோப்டெரோசின்கள் என்ற அழற்சி தணிக்கும் சேர்மங்களைப் பற்றி வில்லியம் ஃபெனிகலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1986-இல் எழுதினார்கள். அச்சாறு எஸ்டீ லாடர் நிறுவனத்தின் களிம்பு ஒன்றில் சேர்ந்தது. கிளைகளைக் கத்தரித்தால் மீண்டும் துளிர்ப்பதால் அறுவடை ஓரளவு தாங்கியது. ஆனால் ஒப்பனைப் பொருளை விற்பவர் நோய் தீரும் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. மருந்தை விற்பவர் மெய்ப்பிக்க வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு முழங்கால் வலி. பச்சைச் சிப்பிச் சாறு அடைத்த மாத்திரை வாங்கியிருக்கிறோம். மருத்துவர் தந்ததை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள்; மருத்துவரிடம் அந்தக் குப்பியைக் காட்டுங்கள். கேரளக் கரையில் கல்லுமக்காய் என்று சொல்லும் அதே சிப்பியிலிருந்து கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஒரு சாற்றுத் தயாரிப்பை உருவாக்கியிருக்கிறது. நியூசிலாந்தில் அதன் உறவினமான சிப்பியிலிருந்து எடுத்தது நெடுநாளாக விற்பனையில் உள்ளது. இவை துணை உணவுகள். சிப்பி, இறால் ஒவ்வாதவர்கள் தொடவே வேண்டாம்.

கேள்வி: மீன் எண்ணெய்?

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது. மற்றவர்கள் வாரம் இருமுறை மத்தி வாங்கிக் குழம்பு வைக்கலாம்.

கேள்வி: கட்டக்கோரைப் பாசியைக் காய்ச்சிக் குடித்தால் வீக்கம் வடியுமா?

அதிலுள்ள ஃபியூகாய்டன் என்ற சேர்மம் ஆய்வகத்தில் அழற்சியைத் தணிக்கிறது. அப்பாசியில் அயோடினும் மிகுதி. தைராய்டு கோளாறு உள்ளவருக்கு ஆபத்து. காய்ச்சிக் குடிக்காதீர்கள். சாறு வேறு, மருந்து வேறு.

கேள்வி: கடல் அட்டை மருந்து என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இங்கே வலையில் ஒன்று ஏறினாலும் பயந்துகொண்டு கரைக்கு வருகிறோம். அக்கரையில், இலங்கையில், பண்ணை வைத்தே விற்கிறார்கள். தடையை நீக்கச் சொல்லக் கூடாதா? (பாம்பன் பக்கத்து மீனவர்)

ஐயா, மருந்து என்று நான் எழுதவில்லை. மருந்தாகக்கூடிய பொருட்கள் அதில் உள்ளன என்றே எழுதினேன். அதிலுள்ள சப்போனின்கள் என்ற சேர்மங்கள் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியவை. தோலிலுள்ள காண்ட்ராய்டின் சல்பேட் இரத்தம் உறைவதைத் தடுப்பது. இரண்டையும் பிரித்து, அளவு கண்டு, சோதிக்காமல் எதையும் சொல்ல முடியாது.

தடையைப் பற்றி: 1982-இல் மூன்று அங்குலத்துக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக் கூடாது என்றார்கள், 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் கீழ் முழுத் தடை வந்தது.

மறுப்பு: தடை இருந்தும் மன்னார் வளைகுடாவில் கடத்தல் நிற்கவில்லை, நீக்கினால் ஒன்றும் மிஞ்சாது. (கடலுயிரியல் ஆய்வு மாணவர்)

மீனவரின் மறுமொழி: கடத்துகிறவன் வேறு, வலை இழுக்கிறவன் வேறு. எங்களுக்குக் குஞ்சு தந்தால் நாங்களே வளர்ப்போம்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் நான் மீனவர் பக்கம் சற்றுச் சாய்கிறேன். தூத்துக்குடியில் 1988-இலேயே வெள்ளை அட்டைக் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கிக் காட்டியவர்கள் நம்மவர்கள். மருந்தாய்வு பின்னாளில் சேர்மத்தைச் செயற்கையாக உருவாக்கக் கற்கும்வரை, அதற்கும் ஒழுங்கான மூலப்பொருள் வேண்டும். கடத்தல் மூட்டையில் வருவது எந்த இனம், எந்தப் பருவம் என்றே தெரியாது. அதே நேரத்தில், பண்ணை வேலிகள் தங்கள் தொழிலிடத்தை மறிக்கின்றன என்று இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராஞ்சியில் மீனவர்களே போராடியதையும் மறக்கக் கூடாது. பண்ணை வேண்டும் என்பவர் அது யார் கையில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் கடலிலிருந்து எந்த மருந்தும் வரவில்லையா?

வந்திருக்கிறது. கரீபியக் கடற்பஞ்சில் கண்ட பொருட்களின் வழியே பிறந்த சைட்டராபின், இரத்தப் புற்றுக்கு 1969 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கூம்பு நத்தையின் நஞ்சிலிருந்து வந்த சிகோனோடைடு, 2004-இல் கடும் வலிக்கு ஏற்கப்பட்டது. அதைத் தண்டுவட நீரில்தான் செலுத்த வேண்டும். அழற்சிக்கென்று கடற்பஞ்சோ மென்பவளமோ தந்து ஒப்புதல் பெற்ற மருந்து இன்னும் இல்லை.

கேள்வி: முழங்கால் வலிக்குக் கடல் அட்டை எண்ணெய் தேய்க்கலாமா? (ஐந்து பேர்)

மேலே உள்ளதைப் படியுங்கள்.

கேள்வி: படித்தேன். எந்தக் கடையில் கிடைக்கும்?

இந்தியாவில் அதை விற்கும் கடைக்காரர்மீது வழக்குப் பதியலாம்.